அமானிதமாய் வந்த விவரங்கள்



கல்முனைக்குடியில் அமானிதம் என்ற சொல்லுக்கு விளக்கம் கூறவேண்டியதில்லை. மக்காவுக்குப் பயணம் போகிறவரும், கடல் கடந்து தொழிலுக்குப் போகிறவரும் தம் நகையையும் காணி உறுதியையும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வர். பெற்றுக்கொண்டவர் அதைத் தம் பொருளாகக் கொள்ளார், அடகு வையார், வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டவும் மாட்டார். உரியவர் திரும்பி வந்து கேட்கும் நாளில் வைத்தது வைத்தபடி எடுத்துக் கொடுப்பார். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நகையைப் பற்றியன்று. தொழிற்பயிற்சி நிலையமொன்றில் சேரவரும் பிள்ளை அங்கே எழுதிக் கொடுக்கிற பெயர், முகவரி, பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், ஒளிப்படம் ஆகியவற்றைப் பற்றியது. இவையும் அமானிதமே என்பது என் கட்சி.

பயிற்சி நிலையம் என்றதும் பெரிய கட்டடமொன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளவேண்டாம். அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபை நடத்தும் நிலையங்களும் உள்ளன. கடைத்தெருவில் மேல்மாடியொன்றில் நடக்கும் கணினி வகுப்பும் உண்டு. வீட்டு விறாந்தையில் நாலைந்து தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு நடத்தும் வகுப்பும் உண்டு. தொழிற்கல்வி வழங்கும் நிலையங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவுசெய்துகொள்ளவேண்டும் என்பது 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் ஏற்பாடு. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் ஒன்று முதல் ஏழு வரையான மட்டங்களில் வழங்கப்படுகின்றது. அச்சான்றிதழில் ஆள் மாறாட்டம் நேராதிருக்கவேண்டுமானால் பெயர் சரியாக இருக்கவேண்டும். அடையாள அட்டை இலக்கம் வேண்டும். வரவுப் பதிவும் தேர்ச்சிப் பதிவும் வேண்டும். இவற்றைக் கேட்பதில் எவருக்கும் வழக்கில்லை.

ஆனால் படிவம் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. தகப்பனாரின் தொழில் என்ன, மாத வருமானம் எவ்வளவு, உடன்பிறந்தார் எத்தனை பேர், மணமானவரா, கணவர் எங்கே இருக்கிறார், நோய் ஏதும் உண்டா என்று கேள்விகள் நீளுகின்றன. அவற்றோடு பிறப்புச் சான்றிதழின் பிரதி, வங்கிப் புத்தகத்தின் பிரதி, நான்கு ஒளிப்படங்கள். ஊசியில் நூல் கோக்கக் கற்பதற்குத் தகப்பனாரின் வருமானம் எதற்கு என்று கேட்டால், கட்டணச் சலுகை கொடுப்பதற்கு என்பார்கள். நியாயந்தான். அப்படியானால் சலுகை வேண்டுவோரிடம் மட்டும் கேட்கலாமே! உண்மை யாதெனில், முன்னொருவர் தயாரித்த படிவத்தில் அக்கேள்வி இருந்தது. பின்வந்தவர் அதைப் பார்த்து எழுதினார். ஏன் கேட்கிறோம் என்பதை இருவருமே எண்ணிப் பார்த்தாரல்லர்.

இதனால் வரும் கேடு என்ன? ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மூத்த மகளைக் கணினி வகுப்புக்கு அனுப்ப வாப்பா தயங்குகிறார். உம்மா பரிந்து பேசுகிறார். ஒருவாறு இணக்கம் பிறந்து, பிள்ளை சேர்கிறாள். ஆசிரியர் வசதி கருதி முப்பது பேரையும் ஒரு வாட்ஸப் குழுவிற் சேர்க்கிறார். அந்தக் கணமே அவளுடைய தொலைபேசி இலக்கம் ஏனைய இருபத்தொன்பது பேருக்கும் தெரிந்துவிடுகிறது. இரண்டு வாரங் கழித்து அறியாத இலக்கத்திலிருந்து இரவில் அழைப்பு வருகிறது. அழைத்தவன் வகுப்பு மாணவனாயிருக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்க்கும் முகவரிடம் பட்டியல் போயுமிருக்கலாம். எப்படிப் போயிற்று என்பது எவருக்கும் புலப்படப் போவதில்லை. மறுநாள் முதல் அவள் வகுப்புக்கு வருவதில்லை. கேட்டால் உடம்புக்குச் சுகமில்லை என்பார்கள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளையும் சேர்வதில்லை. நிலையத்தின் வரவுப் புத்தகத்தில் இடைவிலகல் ஒன்று என்று பதிவாகுமேயொழிய, அதற்குக் காரணம் நிலையமே என்பது பதிவாகாது.

ஒளிப்படத்தின் கதையும் இதுவே. சான்றிதழ் வழங்கும் விழாவிற் படம் பிடித்து, பெயரும் ஊரும் எழுதி முகப்புத்தகத்தில் இடுகிறார்கள். நன்கொடை அளித்தோருக்கு அனுப்பும் அறிக்கையிலும் அப்படமே. படத்திலுள்ள பிள்ளையைக் கேட்டீர்களா என்றால், விழாவுக்கு வந்தாள்தானே என்று பதில் வருகிறது. விழாவுக்கு வருவதற்கு உடன்பட்டவள் உலகத்தார் அனைவரும் தன் முகத்தைப் பார்ப்பதற்கும் உடன்பட்டாளென்று எவ்வாறு கொள்வது?

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பலர் அதை வெறும் இலக்கமென்று எண்ணுகின்றனர். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் எழுத்தும் இருக்கும். முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அந்நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். புதிய பன்னிரண்டு இலக்க முறையிலும் ஆண்டு நான்கு இலக்கமாயிற்றேயன்றி முறை மாறவில்லை. ஆகவே பரீட்சைப் பெறுபேற்றை அடையாள அட்டை இலக்கத்தோடு அறிவித்தற் பலகையில் ஒட்டினால், தேறினார், தேறவில்லை என்பதோடு இவர் ஆணா பெண்ணா, எந்த நாளிற் பிறந்தார் என்பதையும் சேர்த்தே ஊருக்கு அறிவித்ததாகும். அதைச் செய்யாதிருக்கச் செலவு ஒன்றுமில்லை. நிலையமே கொடுத்த அனுமதி இலக்கத்தை இட்டால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கைப் பாராளுமன்றம் 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது அவ்வாண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 ஆம் திகதி நடைமுறைக்கு வருமென முதலிற் குறிக்கப்பட்டது. பின்னர் அந்நாள் தள்ளிவைக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே திருத்தச் சட்டமொன்றும் இயற்றப்பட்டது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை என ஒரு தனிச் சபையை அமைக்கவும், கட்டளையை மீறுவோருக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதன் நெறியோ நம் பாட்டிமாரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய நெறிதான். குறித்த நோக்கத்துக்காக மட்டும் கேள், வேண்டிய அளவே கேள், வேண்டிய காலம் வரையே வைத்திரு, பிழையிருந்தாற் திருத்து, பத்திரமாய்ப் பேணு, உரியவர் கேட்டாற் காட்டு. மதம், இனம், உடல்நலம், சிறுவர்களைப் பற்றிய விவரம் ஆகியவற்றை விசேட வகையெனப் பிரித்து, அவற்றுக்கு மேலதிகக் காவலும் இட்டிருக்கிறது.

சம்மதம் பெற்றுவிட்டோம், கையொப்பம் இருக்கிறது என்று சில நிலையத்தார் நிம்மதி கொள்வர். சம்மதம் சுயவிருப்பில் அளிக்கப்படவேண்டுமென்பது சட்டத்தின் கருத்து. படிவத்தின் அடியிலே சிற்றெழுத்தில் நான்கு வரி, கையொப்பமிடாவிட்டால் இடமில்லை. வேலை தேடித் தவிக்கும் பிள்ளை அங்கே மறுப்பாளா? பரீட்சைக்கு வேண்டிய விவரத்துக்கு இந்தக் கையொப்பமே தேவையில்லை, அது பயிற்சியின் அங்கம். படம் வெளியிடுவதற்கும் பிறர்க்குப் பட்டியல் கொடுப்பதற்குமே சம்மதம் வேண்டும். அங்கேயோ, வேண்டாமென்று சொன்னாலும் இடம் உண்டு என்பதைத் தெளிவாய்ச் சொன்ன பின்னரே பெற்ற சம்மதம் சம்மதமாகும். அதுவும் தமிழில், வாசித்தாற் புரியும் தமிழில், இருக்கவேண்டும்.

முன்னாளில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும்; அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைத் தலைமையாசிரியர் இடுப்பில் வைத்திருப்பார். அதைப் பிரதி செய்ய எண்ணியவன் அமர்ந்து கையால் எழுதவேண்டும், கை வலிக்கும், கண்டவர் என்னவென்று கேட்பர். இன்று அதே பட்டியல் கணினியில் ஓர் அட்டவணை. எழுதுவினைஞரின் கைத்தொலைபேசியிலும், பாடம் நடத்திவிட்டுச் சென்ற ஆசிரியரின் மின்னஞ்சலிலும், நிலையத்துக்கு வெளியே பிரதியெடுக்கும் கடைக்காரரின் கணினியிலும் அது கிடக்கிறது. கணினிக்குள் புகுந்து திருடுவோரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. நம் ஊர்களில் அவனுக்கு அவ்வளவு வேலையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திறந்து கிடக்கும் வீட்டுக்குக் கன்னக்கோல் எதற்கு? யார் யாரிடம் பட்டியல் இருக்கவேண்டுமென்று இரண்டு பெயரை எழுதி வைத்து, வேலையை விட்டுப் போகிறவரின் தொலைபேசியிலிருந்து அதை அழிக்கச் செய்து, கடவுச்சொல்லை மாற்றினாலே பாதி ஓட்டை அடைபட்டுவிடும்.

மறைத்து வைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறேன். இழந்துவிடாமற் காப்பதும் அமானிதத்தின் ஒரு பாதிதான். அதை இந்தக் கரையோரத்தார்க்கு எவரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடல், இத்தீவிலேயே அம்பாறை மாவட்டத்திற்றான் மிகுந்த உயிர்களைக் கொண்டுபோயிற்று. உயிர் தப்பியவர்களிற் பலர் பிறப்புச் சான்றிதழும் பாடசாலைச் சான்றிதழும் அடையாள அட்டையுமின்றி, தாம் இன்னார் என்பதை நிறுவ அலுவலகம் அலுவலகமாய் அலைந்தனர். தேர்ச்சிப் பதிவின் ஒரே பிரதியைக் கடலோரக் கட்டடமொன்றில் வைத்திருக்கும் நிலையம் அந்நாளை மறந்துவிட்டதென்றே சொல்லவேண்டும். இன்னொரு பிரதி, பூட்டோடு, கடலுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்பதில் பலருக்கு மயக்கமுண்டு. பத்து ஆண்டு கழித்து ஒருவர் சான்றிதழின் பிரதி கேட்டு வரலாம். ஆகவே பெயர், இலக்கம், பாடம், பெறுபேறு, ஆண்டு ஆகிய ஐந்தும் நிலைத்திருக்கவேண்டும். வருமானச் சான்று, வங்கிப் புத்தகப் பிரதி, மருத்துவத் தாள், மீந்த ஒளிப்படங்கள் ஆகியவற்றுக்குப் பயிற்சியும் கணக்காய்வும் முடிந்தபின் ஒரு வேலையுமில்லை. அழிப்பதென்றால் கிழித்து எரிப்பது. பழைய தாளென்று நிறைக்கு விற்றால் அது கச்சான் சுருளாய் வெளிவரும். கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றக் கூட்டத்திலே கச்சானைத் தின்று முடித்துத் தாளை விரித்துப் பார்க்கிறவர், எவளோ ஒரு பிள்ளையின் முகவரியையும் குடும்ப நிலையையும் வாசிக்கும்படி ஆகலாகாது.

இறுதியாக, மூடப்பட்ட நிலையங்களின் கேள்வி ஒன்று இருக்கிறது. கடற்கோளுக்குப் பின் இக்கரையோரத்துக்கு வாழ்வாதாரப் பயிற்சி தரவென்று தொண்டு நிறுவனங்கள் பல வந்தன. நல்ல பணிகளும் செய்தன. திட்டம் முடிந்தது, வாடகைக் கட்டடத்தின் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போயின. விதவைகள், தாய் தந்தையை இழந்த பிள்ளைகள், வீடிழந்தோர் என்று வகைபிரித்து எழுதிய பட்டியல்கள் எங்கே போயின? திறப்பை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதற்குக் கையெழுத்து இருக்கிறது. இனி ஒரு நிறுவனம் பயிற்சி நிலையம் திறக்க வந்தால், அதன் திட்ட அறிக்கையை ஏற்றுக்கொள்ளும் பிரதேச செயலகமும் ஊர்ச் சங்கங்களும் முதல்நாளே கேட்கவேண்டிய கேள்வி அது: நீங்கள் போகும் நாளில் இந்தப் பெட்டியை யார் பொறுப்பேற்பார், எந்தத் திகதியில், யார் முன்னிலையில் எரிப்பார்?