காத்து கருப்பா, கிருமியா?



குளிர்காய்ச்சல் கண்டவனுக்கு இழுப்பு வந்து நினைவு தப்பினால், “காத்து கருப்பு அண்டிவிட்டது” என்று மந்திரவாதிக்கு ஆள் அனுப்புகிற வழக்கம் இன்னும் அடியோடு ஒழிந்தபாடில்லை. அந்தக் கருப்பு எது என்பதையே நாம் இன்று சொல்ல வந்தோம். அது நம் இரத்தத்துக்குள் இருக்கிறது.

1880-ல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு இராணுவ வைத்தியர் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897-ல் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். ஆனால் உள்ளே வந்தபின் அது செய்கிற காரியந்தான் விசித்திரமானது.

நமது சிவப்பணு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு வைத்தால் 7, 8 பங்கு அகலந்தான். தன்னைவிடக் குறுகலான குழாயிலும் நெளிந்து போய்விடும். கிருமி உள்ளே வளர வளர அணு விறைத்துப்போகிறது. விறைத்த அணுவை மண்ணீரல் சல்லடைபோல் பிடித்து அழித்துவிடும். இதற்குத் தப்ப, பால்சிபாரம் என்கிற கொடிய வகைக் கிருமி என்ன செய்கிறது தெரியுமா? தானே சரக்குகள் செய்து அணுவின் மேல்தோலுக்கு அனுப்பி, அங்கே முண்டுமுண்டாக எழுப்பி, முண்டின்மேல் பிசின் போன்ற ஒரு பொருளை நட்டு வைக்கிறது. அணு இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டது மண்ணீரல் பக்கம் போகவேண்டியதில்லையல்லவா? போதாததற்கு அதே தோலில் புது வாசல்கள் வைத்துத் தீனியும் இழுத்துக்கொள்கிறது.

நம் உடம்பு அந்தப் பிசினை அடையாளங்கண்டு எதிர்க்காதா என்பீர்கள். எதிர்க்கும். ஆனால் பிசினுக்குச் சுமார் 60 வேஷங்கள். ஒன்று பிடிபட்டால் இன்னொன்று. நமது புராணக்காரர்கூடப் பத்து அவதாரத்தோடு நிறுத்திக்கொண்டார்!

மூளையின் நுண்குழாய்களில் இப்படி அணுக்கள் ஒட்டி அடைத்துக்கொண்டால் இழுப்பும் மயக்கமும் வருகின்றன. விரல்நுனி இரத்தத்தில் பெரும்பாலும் இளங்கிருமிகளே தெரியும். வளர்ந்தவை சுவரோரம் பதுங்கியிருக்கும். ஆகையால் துளியில் கொஞ்சந்தானே என்று அலட்சியமாயிருப்பதும் ஆபத்து.

கிருமியின் ஒரு சுற்று 48 மணி நேரம். ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் பின்பாதியில். கொயினா இளங்கிருமியை அவ்வளவாகத் தொடாது. ஆர்டிசுனேட் என்னும் மருந்தோ ஒட்டுமுன்பே கொன்றுவிடும். வங்காளதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் ஆகிய நாடுகளில் கடும் மலேரியா கண்ட 1,461 பேரில் பாதிப்பேருக்குக் கொயினாவும் பாதிப்பேருக்கு ஆர்டிசுனேட்டும் கொடுத்துப் பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். கொயினா பெற்றவர்களில் 100-க்கு 22 பேர் மாண்டார்கள். ஆர்டிசுனேட் பெற்றவர்களில் 15 பேர். இவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள். மந்திரவாதிக்குக் காத்திருந்து வீட்டிலேயே மாண்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.