கற்றாழைக்கு எவ்வளவு ஜலம்?

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் உபநிஷத்தைப் பற்றிக் கேட்டோம். இன்று நான் சோற்றுக் கற்றாழையைப் பற்றிப் பேசப் போகிறேன். காரியதரிசி "மாமா, பத்தே நிமிஷம்" என்று சொல்லியிருக்கிறார். முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் ஆபீஸில் இருந்தவன்; முடித்து விடுவேன்.

கல்பாத்தியில் எங்கள் பின்கட்டு முற்றத்தில் என் அகத்துக்காரி ஒரு மண்தொட்டியில் கற்றாழை வைத்திருந்தாள். இருபது வருஷத்துச் செடி. பேத்தி கையைச் சுட்டுக்கொண்டால் அதுதான்; தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் அதுதான். அவள் அதற்கு ஜலம் விட்டு நான் பார்த்ததில்லை. 2021-ல் அவள் போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுக் குமுளியில் பெண், மாப்பிள்ளையோடு போய் இருந்தேன். பாத்திரம் பண்டமெல்லாம் அங்கேயே கிடக்க, அந்தத் தொட்டியை மட்டும் காரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

தினம் சந்தியாவந்தனம் ஆனதும் பஞ்சபாத்திரத்தில் மிஞ்சியதோடு ஒரு செம்பு ஜலமும் சேர்த்து விடுவேன். அவளுக்கே ஏதோ செய்கிற மாதிரி ஒரு நினைப்பு. இடவப்பாதி மழை பிடித்தது. குமுளியில் பனிமூட்டம், வெயிலே இல்லை. நான் நிறுத்தவில்லை. கர்க்கடகத்தில் இலைகள் கொழகொழவென்று சாய்ந்தன, அடித்தண்டு பழுப்பாகி நாறியது. பெண் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தாத்தானே விடுவா?" என்றாள். விக்டோரியா காலேஜில் தாவரவியல் படித்துப் பாஸான எனக்கு இது தெரியவில்லை!

பிறகுதான் பழைய பாடத்தைத் தூசி தட்டினேன். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். அப்போது ஈரமும் ஆவியாகிப் போகும். கற்றாழையோ வறண்ட அரேபியப் பிரதேசத்துச் செடி. பகலில் துளைகளைப் பெரும்பாலும் மூடி வைத்து, ராத்திரியில் திறக்கும். வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாள் வெயிலில் சர்க்கரையாக்கும். இந்த வழக்கத்தின் அடையாளத்தை நம் தேசத்திலேயே கவனித்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் பிற்பகலில் சப்பென்று ஆவதையும் கடித்துப் பார்த்தே எழுதினார். 1815-ல் அது அச்சில் வந்தது. இலையிலிருந்தே குட்டி முளைக்குமே, அந்தச் செடிதான்.

ஆகவே செலவு குறைந்த செடிக்கு வரவும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். மண் எப்போதும் நனைந்திருந்தால் வேருக்குக் காற்றில்லை, அழுகிவிடும். இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு, அடித்துவாரம் வழியாக வழியும்வரை ஒரே தடவையாக விடுங்கள். பாலக்காட்டில் மீனம், மேடத்தில் வாரம் ஒரு முறை போதும். கர்க்கடகத்தில் இறவாணத்துக்குள் தள்ளி வைத்து மறந்துவிடலாம். ஊரைப் பார்த்துச் செய்ய வேண்டும்: அதே இடுக்கி ஜில்லாவில் சின்னார் மழைமறைவுப் பிரதேசம், முள்காடு. குமுளியிலிருந்து மலையிறங்கிக் கம்பம் போனாலே வேறு ஆகாசம். தினுசு ஒன்றானாலும் கணக்கு ஒன்றில்லை. பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலப்பது எல்லா இடத்துக்கும் நல்லது.

வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும், காலை வெயிலானால் உத்தமம். 2016 ஏப்ரலில் மலம்புழையில் 41.9 டிகிரி அடித்ததே, அந்த மாதிரி உச்சி வெயிலில் இலை செம்பழுப்பாகும். பயப்பட வேண்டாம், நிழலோரம் நகர்த்தினால் மெல்லப் பச்சை திரும்பும். வெளிச்சம் போதாவிட்டால் இலை மெலிந்து நீண்டு தொங்கும். உள்ளே இருந்ததைத் திடீரென்று வெயிலில் வைத்தாலோ வெந்துபோகும். இரண்டு வாரமாகச் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும்.

அந்தச் செடியைப் பிடுங்கினேன். தாய்ச்செடி போய்விட்டது. பக்கத்தில் இரண்டு குட்டிகள் மட்டும் கெட்டியாக இருந்தன. அழுகலைச் சீவி, செய்தித்தாளில் நாலு நாள் நிழலில் ஆறப் போட்டு, மணலில் நட்டு, ஒரு வாரம் ஜலமே காட்டவில்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். ஒன்று பிழைத்தது.

அது இப்போது கல்பாத்தி முற்றத்தில் பழைய இடத்திலேயே இருக்கிறது. மூன்று குட்டி விட்டிருக்கிறது. வேண்டுமென்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். தொட்டி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். அடியில் துவாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.