ஏழு சைக்கிளும் எழுபது வளைவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு, அந்த சைக்கிள் டூர் கதையைச் சொல்லு" என்றார் சங்கச் செயலாளர். ஒவ்வொரு சந்திப்பிலும் யாராவது ஒருவர் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார். சொல்லச் சொல்ல மழை பெரிதாகிறது, மலை உயரமாகிறது, நானும் கொஞ்சம் கொஞ்சமாக வீரனாகிக் கொண்டு வருகிறேன். இத்தனை வருடமாக நானும் மறுப்புச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே கேட்டுக் கொண்டிருந்தேன். இன்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் மேடை ஏறியிருக்கிறேன்.

நான் நெட்டப்பாக்கத்துக்காரன். 1954-இல், புதுச்சேரியை விட்டு பிரெஞ்சுக்காரர்கள் போவதற்கு முன்பே, எதுவார் குபேர் தலைமையில் விடுதலை அரசு அமைத்த ஊர் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். பெருமை உண்டு, மலைதான் கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நெல்லும் கரும்பும். உயரமான இடம் என்றால் ஏரிக்கரைதான். அதில் சைக்கிளை மிதித்து ஏற்றியவன் எங்கள் தெருவில் பெரிய ஆள்.

அப்படிப்பட்ட நாங்கள் ஏழு பேர், 1994 மே மாதம் கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் சைக்கிளில் போவது என்று முடிவு செய்தோம். அக்னி நட்சத்திரம். கியர் கிடையாது, தலைக்கவசம் என்றால் மோட்டார் சைக்கிளுக்கு என்று நினைத்த காலம். ஹெர்குலஸ் நான்கு, அட்லஸ் மூன்று. கேரியரில் ஒரு போர்வை, ஒரு பை. ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே பம்ப்.

புறப்படும் முன் எல்லா வண்டியையும் எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டினோம். பெரியவர் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாகூர் நண்பனின் வண்டி முன்னால் குந்திக்கொண்டார். "தம்பி, பிரேக் கட்டை தேஞ்சு போச்சு, மாத்திக்க" என்றார். "சேலத்துல மாத்திக்கிறேங்க" என்றான் அவன். அவனிடம் காசு குறைவு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகு பெரியவர் எங்களைப் பார்த்து ஒன்று சொன்னார்: "ஏறும்போது மெதுவா மிதிக்கிறவன முன்னாடி வுடுங்க. எறங்கும்போது ஒருத்தன் கண்ணுக்கு ஒருத்தன் தெரியணும். அவ்ளோதான், போய்ட்டு வாங்க."

மடுகரை தாண்டி எல்லைச் சோதனைச் சாவடியில் முதல் தடங்கல். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பையோடு ஏழு இளைஞர்கள் வந்தால் போலீஸ்காரருக்கு வேறு என்ன தோன்றும்? எல்லாப் பையையும் கொட்டச் சொன்னார். புளிச்சோற்று மூட்டையும் பஞ்சர் சொல்யூஷன் டியூபும்தான் கிடைத்தன. "மலைக்கா? சைக்கிள்லயா? இதுக்கு பாட்டில் கடத்தறதே தேவல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் வழியாக முதல் நாள் கள்ளக்குறிச்சி. மறுநாள் ஆத்தூர் வழியாகச் சேலம். நாளுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பி, பத்து மணிக்கு ஏதாவது புளியமரத்தடியில் படுத்து, சாயங்காலம் மறுபடி மிதிப்போம். சின்னசேலம் தாண்டியதும் வலது கைப்பக்கம் கல்வராயன் மலை, இடது கைப்பக்கம் தூரத்தில் பச்சைமலை. மலையையே பார்க்காதவர்கள் இரண்டு மலைக்கு நடுவில் போகிறோம்! யாரும் பேசவில்லை. பெரியவர் சொன்னபடி பாகூர் நண்பன்தான் முன்னால் போனான். அவன் வேகம்தான் எங்கள் வேகம்.

சேலத்தில் பிரேக் கட்டை வாங்கியிருக்க வேண்டும். ஏழு பேரும் சினிமாவுக்குப் போனோம். டிக்கெட்டுக்குக் கூட்டாகக் காசு போட்டோம். பிரேக் கட்டைக்குப் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ஏற்காடு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. உண்மையைச் சொன்னால், பாதிக்கு மேல் சைக்கிள் எங்களைச் சுமக்கவில்லை, நாங்கள்தான் சைக்கிளைத் தள்ளினோம். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820-களில் காபிச் செடியைக் கொண்டுவந்த மலை. மே மாதத்தில் போர்வை போர்த்திக்கொண்டு காபி குடித்தோம். அதற்காகவே இன்னொரு முறை தள்ளலாம்.

மறுநாள் இறங்கும்போது வெயில் அடித்தது, சாலை காய்ந்து கிடந்தது, ஒருவர் பின் ஒருவராக ஒழுங்காக வந்தோம். அந்த ஒழுங்கு எங்களுக்குத் தைரியத்தைக் கொடுத்துவிட்டது. ராசிபுரம், சேந்தமங்கலம், காரவள்ளி. அங்கிருந்து கொல்லிமலைக்கு எழுபது வளைவு. வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரு பகல் முழுக்கத் தள்ளி மேலே போனோம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டோம், ஆகாய கங்கையில் குளித்தோம். இதுவரை கதை நீங்கள் கேட்டதுதான்.

ஏழாம் நாள் காலை இறங்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. நின்றிருக்கலாம். "கீழ போய் டீ குடிக்கலாம்டா" என்று கத்தியவன் நான். முதலில் பாய்ந்தவனும் நான். எனக்குப் பின்னால் மற்றவர்களும் பாய்ந்தார்கள். யார் கண்ணுக்கு யார் தெரிகிறார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'பிரேக்கே பிடிக்காமல் எழுபது வளைவு இறங்கினான்' என்று என்னைப் பற்றிச் சொல்கிறீர்களே, அது பொய். என் வண்டியில் புதுக் கட்டை இருந்தது. வளைவுக்கு வளைவு பிடித்துப் பிடித்துத்தான் வந்தேன்.

காரவள்ளியில் டீக்கடையில் நின்று "ஏழு டீ" என்றேன். ஆறு கிளாஸ் காலியானது. ஏழாவது கிளாஸ் பலகையில் ஆடை படர்ந்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எண்ணினேன்.

அந்தக் காலத்து இரும்பு ரிம்மில் தண்ணீர் பட்டால் ரப்பர் கட்டை சட்டென்று பிடிக்காது. கட்டை தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம், இரும்போடு இரும்பு உரசும். பாதி மலையில் அவனுக்குப் பிரேக் போய்விட்டது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. புத்தியோடு பாறை ஓரத்துச் சாக்கடையில் வண்டியை இறக்கியிருக்கிறான். உயிர் தப்பியது, தோள்பட்டை எலும்பு முறிந்தது. நாங்கள் டீ குடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தபோது அவன் மழையில் தனியாகக் கிடந்தான். வாழைத்தார் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒருத்தன் வரலன்னு தெரியாதாடா உங்களுக்கு?"

அடுத்த மாதம் அவனுக்குப் போலீஸ் வேலைக்கான உடல்தகுதித் தேர்வு இருந்தது. போக முடியவில்லை. மறு வருடம் வயதும் வீட்டு நிலைமையும் இடம் கொடுக்கவில்லை. வீட்டில் "நானே வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டான். எங்கள் பெயரை எடுக்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவன் சும்மா இருந்தது பெருந்தன்மை. நான் சும்மா இருந்ததற்கு என்ன பெயர் வைப்பது?

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். 2008-இல் பெங்களூரு சைக்கிள்காரர்கள் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்று ஒரு பயணம் தொடங்கினார்கள். டிசம்பர் மாதத்தில் நாள் கணக்கில் மலை மலையாகப் போகும் கூட்டுப் பயணம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதை, முப்பத்தாறு வளைவு, அதிலேதான் பெரிய சோதனை. என் அக்கா மகன் ஒருமுறை அதில் போய்வந்தான். கியர் வண்டி, தலைக்கவசம், மெக்கானிக், டாக்டர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "கடைசி ஆளுக்கும் பின்னால ஒரு வண்டி வரும் மாமா. அவரு வந்து சேர்ற வரைக்கும் அதுவும் வந்துகிட்டே இருக்கும்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தது அதைத்தானே!

ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், இறங்கும்போதுதான் ஆபத்து. அதே கல்லட்டியில் 2018-இல் நடந்த கார் விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். கஷ்டப்பட்டு ஏறும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். சுலபமாக இறங்கும்போது மறந்துவிடுகிறோம். சைக்கிளுக்கு மட்டும் சொல்லவில்லை. படித்து முடித்து நல்ல வேலைக்குப் போனவர்கள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கிறோம். நம்மோடு புறப்பட்டவர்களில் யார் வந்து சேரவில்லை என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

இதைப் பேசலாமா என்று போன வாரம் அவனிடமே போனில் கேட்டேன். "பேசு. ஆனா என்னை ஹீரோ ஆக்காத. கடைக்காரரு சொன்னத நானுந்தான் கேக்கல" என்றான். பாகூரில் கரும்பும் நெல்லும் வைத்திருக்கிறான். இதோ, வலது பக்கம் நாலாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். டேய், நிமிர்ந்து பாருடா. எல்லோர் முன்னாலும் கேட்கிறேன், மன்னித்துவிடு.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. வரும் தைப் பொங்கல் விடுமுறையில் ஏற்காட்டுக்கு ஒரு சைக்கிள் பயணம் போவோம். வயசாகிவிட்டது, தள்ளிக்கொண்டே போனாலும் சரி. மூன்று நிபந்தனை: புறப்படும் முன் எல்லோருக்கும் சங்கச் செலவில் புதுப் பிரேக் கட்டை, மழை வந்தால் நிற்பது, கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் ஒரு வண்டி. அந்த வண்டியை நான் ஓட்டுகிறேன்.

முன்னால் போக வேண்டியவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு டீ.