குள்ளநரியும் பாழ்நிலமும்

கோலார் தங்கவயல் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது பூமிக்கு அடியிலுள்ள உலகமே. 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்ற அச்சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆனால் அவ்வட்டாரத்தைப் போன்ற வறண்ட மேட்டுநிலத்தில், சில முழ ஆழத்திலேயே வளை தோண்டிக் குடித்தனம் நடத்தும் ஒரு பிராணி உண்டு. அதுவே குள்ளநரி.

நரி என்னும் ஒரே பெயரால் நாம் இரண்டு விலங்குகளை அழைத்து வருகிறோம். இரவில் ஊர்ப்புறத்தே கூட்டமாக ஊளையிடுவது பெரிய நரி. குள்ளநரி அதனினும் மிகச் சிறியது. எடை 2 முதல் 4 கிலோகிராம் வரையே இருக்கும். சாம்பல் நிற உடலும், கருநுனி கொண்ட அடர்ந்த வாலும் அதன் அடையாளங்கள். மேனாட்டுக் கதைகளில் வரும் செந்நரி வேறு; நம் நாட்டில் அது இமயமலைப் பகுதியிலும் வடமேற்கின் வறண்ட நிலங்களிலுமே காணப்படுகிறது. குள்ளநரியோ இந்தியத் துணைக்கண்டத்திற்கே உரியது.

அதன் உணவு யாது? எலி, கறையான், வண்டு, வெட்டுக்கிளி, ஓணான், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை ஆகியவற்றுடன் இலந்தை போன்ற கனிகளையும் உண்ணும். வயலெலியைத் தின்பதால் உழவனுக்கு நண்பன் என்றே சொல்லலாம். ஆணும் பெண்ணும் இணையாக வாழ்ந்து, கோடைத் தொடக்கத்தில் பிறக்கும் குட்டிகளை இரண்டுமே பேணி வளர்க்கின்றன. வளைக்குப் பல வாயில்கள் உண்டு. அடர்ந்த காடு இதற்கு ஆகாது. தொலைவிலேயே பகையைக் கண்டு ஓடி ஒளிய, குட்டைப் புல்லும் சிறு புதரும் உள்ள வெட்டவெளியே வேண்டும்.

சேலம் மாவட்டத்து வாழப்பாடிப் பக்கத்தில் இதனை வங்காநரி என்பர். நரி முகத்தில் விழித்தால் நன்மை உண்டாகும் என நம்பி, பொங்கலையொட்டி வலைவைத்துப் பிடித்து, ஊருக்குள் ஓடவிட்டுப் பின் விடுவிக்கும் வழக்கம் அங்குச் சில சிற்றூர்களில் இருந்து வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைத் தடுக்கிறது. வனத்துறையினர் அபராதமும் விதித்துள்ளனர்.

ஆயினும் வலையைவிடப் பெரிய ஆபத்து ஒரு சொல்லில் இருக்கிறது. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதே என் தொழில். மரமில்லாத புல்வெளியைப் 'பாழ்நிலம்' என்று நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பாழ் என்று பெயரிட்டபின் அங்கே தைலமரம் நடலாம், கல்லுடைக்கலாம், மனை பிரிக்கலாம், கேட்பாரில்லை. மரம் நடுவது நல்ல காரியமே எனினும், புல்வெளியில் நெருக்கமாக நட்டால் குள்ளநரிக்கு வீடு போயிற்று. மனிதக் குடியிருப்போடு பெருகும் நாய்கள் அதனைத் துரத்துவதுடன் நோயையும் பரப்புகின்றன.

ஆகவே நேயர்களே, ஊர்ப்புறத்தில் புல் முளைத்த வெற்றுவெளியைக் காணும்போது அதனைப் பாழ் என்று சொல்லுமுன் சற்றே நின்று பாருங்கள். அந்தி வேளையில் வளை வாயிலில் இரு காதுகள் நிமிர்ந்து தெரியுமாயின், அந்நிலத்திற்குக் குடியிருப்போர் உண்டு என்பதை அறிந்துகொள்ளலாம்.