சங்கப் புலவரும் புற்றுக் காளானும்

 

பத்தாம் ஆண்டு விழாவில் காளானைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கலாம். புலவர் பாடிய பொருளையே நானும் எடுத்துக்கொண்டேன். சங்க நூல்கள் காளானை 'ஆம்பி' என வழங்கும். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலையே மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைப் புறநானூற்றின் 164ஆம் பாடலில் காட்டுகிறார். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரோ, கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் ஆம்பி எழுந்த அடுக்களையைக் காட்டுகிறார். இரண்டிடத்தும் ஆம்பி வறுமையின் அடையாளமே. ஆயினும் கறையானையும் காளானையும் ஓரிடத்தில் வைத்துக் கண்ட அப்புலவரின் கண் வியத்தற்குரியது.

கோடைமழை தவறாது பெய்த ஆண்டுகளில், நம் காரைக்குடிப் பகுதியின் செம்மண் பொட்டல்களிலும் கண்மாய்க் கரைகளிலும் புற்றுக்காளான் தலைகாட்டும். இடி இடித்தால் காளான் பூக்கும் என்பர் முதியோர். மண்ணுக்குள் நிகழ்வதோ அதனினும் வியப்பானது. கறையான், தான் தின்ற சருகையும் சுள்ளியையும் கொண்டு புற்றினுள் தோட்டம் அமைத்துப் பூசணம் வளர்க்கிறது. கறையானால் எளிதில் செரிக்கவியலாத மரப்பொருளைப் பூசணம் பக்குவப்படுத்தித் தருகிறது. இவ்வுறவு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுப் பழமையுடையது. இக்காளான் இனத்திற்கு 1942இல் 'டெர்மிட்டோமைசிஸ்' எனப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம். 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கே. நடராஜன், அவ்வினத்துள் ஒரு புதிய வகையை விவரித்து, ஹைமின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

'நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்' என்று ஏளனம் செய்கிறோம். நாம் காண்பது கனி மட்டுமே; அதன் உடல் புற்றினுள் ஆண்டுக்கணக்கில் வாழ்வது. புற்றை இடிக்காமல் பறித்தால் அடுத்த மழைக்கும் அங்கேயே பூக்கும். இதனை நம் மூதாட்டியர் நன்கு அறிவர்.

எது உணவு, எது நாய்க்குடை என்பது அவர்தம் எழுதாக் கல்வி. வெள்ளிக் கரண்டி கறுக்காவிடில் நஞ்சில்லை, பூச்சி தின்றதை நாமும் தின்னலாம் என்னும் சோதனைகளை நம்புதல் கூடாது. கொடிய காளானின் நஞ்சு பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். அதற்குள் கல்லீரல் பழுதுறத் தொடங்கியிருக்கும். அறிந்தவர் உடனில்லையேல் தொடாதிருத்தலே அறிவுடைமை.

அவ்வறிந்தவர்தாம் இன்று அருகி வருகின்றனர். பொட்டல்கள் மனைகளாகின்றன, புற்றுகள் இடிபடுகின்றன. புற்று அழிந்தால் காளான் அழியும். மூதாட்டி மறைந்தால் அதன் பெயரும் அடையாளமும் மறையும். பின்னர் நம்மிடம் எஞ்சுவது ஏளனத்திற்கு ஆளும் உவமை ஒன்றே.

கவிஞர்களே! அடுத்த கோடைமழைக்குப் பின், உங்கள் ஊர் மூதாட்டி ஒருவருடன் நடந்து செல்லுங்கள். அவர் சொல்லும் பெயரை, இடத்தை, அடையாளத்தை அவர் மொழியிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றை நம் கூட்டத்தில் வாசிப்போம். கவிதை அதன் பின்னர் வரட்டும்.