எட்டாம் வகுப்புக் கப்பல்



கேலிச்சித்திரக்காரர் ஆர். கே. லக்ஷ்மணை உங்களிற் பலர் அறிவீர்கள். மைசூரில் சிறுபிள்ளையாக இருந்தபோதே வீட்டுத் தரை, சுவர், கதவு என்று ஓரிடம் விடாமல் கீறியவர். வகுப்பில் அவர் வரைந்த அரசிலையைப் பார்த்து ஆசிரியர் ஒருவர் மனந்திறந்து பாராட்டினார். அந்தச் சொல் அவரோடு கூடவே வந்தது. பின்னாளில் பம்பாய் ஜே. ஜே. கலைக்கல்லூரி இடந்தர மறுத்தபோதும் அவர் கீறுவதை நிறுத்தவில்லை. 'ரைம்ஸ் ஒப் இந்தியா' பத்திரிகையில் அவருடைய 'சாமானிய மனிதன்' எத்தனை ஆண்டுகள் உலவினான்!

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குறுகுறுக்கும். நானும் சித்திர ஆசிரியராக இருந்தவன்.

1968 ஆம் ஆண்டு. திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்டிய ஒரு பாடசாலை. எட்டாம் வகுப்புக்குத் 'துறைமுகம்' என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வரைந்தார்கள். கோணேசர் கோயில் மலை, புகைவிடும் கப்பல், மேலே நாலு பறவை. ஒரு பையன் மட்டும் கப்பலை நெடுகப் பிளந்து வைத்திருந்தான். உள்ளே கொதிகலன், வளைந்து வளைந்து ஓடும் குழாய்கள், இரும்பு ஏணி, பின்விசிறி வரை நீளும் தண்டு. கடலும் இல்லை, வானமும் இல்லை.

"கண்ணுக்குத் தெரியாததையா கீறச் சொன்னேன்?" என்று கேட்டுப் பதினைந்து புள்ளி போட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவனும் மலையும் பறவையுமே வரைந்தான்.

இருபது வருடங்கள் கழித்து அவன் என் வீட்டுக்கு வந்தான். வெளிநாட்டுக் கப்பலொன்றில் பொறியியலாளர். "அப்போதே உன் கையில் இது இருந்திருக்கிறது. நான்தான் காணவில்லை" என்றேன்.

"அப்பிடியில்லை சேர். அப்பா டொக்யார்டில வேலை செய்தவர். 1957 இல வெள்ளைக்காரன் தளத்தைக் கையளிச்சிட்டுப் போக அவற்றை வேலையும் போயிட்டுது. இரவில சாப்பிடேக்க கப்பலின்ரை உள்ளைப் பற்றித்தான் கதை. அதைத்தான் கீறினனான்."

பிள்ளைகளின் படத்தைச் சாதகக் குறிப்பாக வைத்துப் பலன் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவன் நாளைக்கு என்ன ஆவான் என்பதையா அந்தத் தாள் சொன்னது? அவன் யாருடைய பேச்சைக் கேட்டு வளர்கிறான் என்பதைச் சொன்னது. "இதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது, தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் அந்தக் கப்பலை மறுபடி கீறிக் காட்டினான். கொதிகலனுக்குப் பக்கத்தில் சிறிதாக ஓர் ஆள், கையில் ஸ்பனர்.

"இதார்?"

"அப்பா, சேர். அந்தப் படத்திலையும் நிண்டவர்."