வீடு மணலில் ஓடாது



ஐரோப்பாவில் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், குளிர்காலம் தொடங்கியதும் மோட்டார்ஹோமை எடுத்துக்கொண்டு வெயிலைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் கூடவே வரும் வண்டி அது. முன்பு பெரும்பாலும் மொரோக்கோவோடு நின்ற பயணம், இப்போது சவூதி, கத்தார், அமீரகம், ஓமான் என்று நீள்கிறது. 2019 செப்டம்பரில் சவூதி சுற்றுலா விசாவைத் திறந்துவிட்டது. மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போரும் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றனர். 2021 ஜனவரியில் சவூதி, கத்தார் எல்லை மீண்டும் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ருப் அல் காலி என்னும் பெரும்பாலைவனத்தின் ஊடே சவூதியையும் ஓமானையும் நேராக இணைக்கும் சாலையும் திறக்கப்பட்டது. நீளம் 700 கிலோமீட்டருக்கும் மேல்.

சாலை இருக்கிறது, விசாவும் இருக்கிறது. அப்புறம் என்ன, கிளம்ப வேண்டியதுதானே என்று கேட்கலாம்.

2024 ஆகஸ்டு மாதம் அதே ருப் அல் காலியில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் தெலுங்கானாவைச் சேர்ந்த இளைஞர், மற்றவர் சூடான் நாட்டவர். தொலைத்தொடர்பு நிறுவன வேலையாகப் போனவர்கள். வழிகாட்டும் கருவி வேலை செய்யவில்லை, எண்ணெய் தீர்ந்தது, கைப்பேசியும் அணைந்தது. சில நாள் கழித்து வண்டிக்குப் பக்கத்திலேயே அவர்களைக் கண்டெடுத்தார்கள். அவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், அந்த நாட்டிலேயே வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கே இந்த நிலை.

மோட்டார்ஹோம் ஒரு வீடு. மூன்றரை டன் எடை, ஓட்டுவது இரண்டு சக்கரம். மணல்மேட்டில் ஏறாது. மணலைவிட மோசமானது 'சப்கா' என்னும் உப்புத் தரை. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் சேறு. விவரம் தெரிந்தவர்கள் ஓமானின் பிதியா ஊரிலேயே வீட்டை நிறுத்திவிட்டு, உள்ளூர் ஓட்டுநரின் நான்கு சக்கர இயக்க வண்டியில் மணலுக்குள் போய் வருகிறார்கள். எங்கெல்லாம் போகலாம் என்று எழுதுவதற்கு முன், வண்டியை எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று எழுதி வைப்பதே நல்ல திட்டம்.

தண்ணீருக்கு வருவோம். வண்டித் தொட்டியில் 100 லிட்டர் இருக்கலாம், இரண்டு பேர் தாராளமாகக் குளித்தால் இரண்டே நாளில் காலி. குடிப்பதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தனியாக இருக்க வேண்டும். அதைத் தொடக் கூடாது.

அதே தண்ணீர் உயிரையும் எடுக்கும். 'வாதி' எனப்படும் காய்ந்த ஓடைப்படுகை இரவு தங்க வசதியாகத் தெரியும், காற்று அடிக்காது. ஆனால் மலையில் பெய்த மழை அங்கேதான் பாய்ந்து வரும். 2024 ஏப்ரலில் ஓமானில் வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள்.

காலம், நவம்பர் முதல் மார்ச் வரை. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 பாகை செல்சியஸ் பதிவானது. அந்த வெயிலில், எரிவாயுவில் ஓடும் வண்டிக் குளிர்ப்பெட்டி திணறும். தயிர் கெட்டால் கொட்டிவிடலாம். நீரிழிவுக்காரரின் இன்சுலின் கெட்டால்?

இரவில் ஓட்டவே வேண்டாம். ஒட்டகத்துக்கு முகப்பு விளக்கும் தெரியாது, சாலை விதியும் தெரியாது.

வண்டிக் காப்புறுதியை எல்லைக்கு எல்லை சரிபார்க்க வேண்டும். கோடீன் கலந்த வலி மாத்திரைக்கு முன்அனுமதி கேட்பார்கள். இன்னொன்று, அஞ்சறைப் பெட்டி. குருமாவுக்கு என்று யாராவது கசகசா கட்டிக்கொண்டு போனால், அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல, அங்கேயும் தடைதான். மலேசியாவிலிருந்து போகிறவர்கள்தான் டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும்.